லேகியம் வேண்டாம்... நாற்காலி போதும்!

"டாக்டருங்க... காயகற்பம்னு சொல்றாங்களே, அதுல நல்லதா ஒரு லேகியம் குடுங்க. காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லீங்க!"

ராயபுரத்தில் இருக்கும் என் வைத்தியசாலைக்குள் நுழைந்து, உட்காருவதற்கு முன்பே அவர் கேட்டது இது. வயது 58. பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன பனியன் கம்பெனிக்கு முதலாளி. சர்க்கரை இல்லை. பிரஷர் லேசாக உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. பிறகு என்ன குறை?

"போன மாசம் பேத்திக்கு மொட்டை எடுக்க சிவன்மலை போனோமுங்க. வண்டி வேண்டாம், படியேறியே போலாம்னு நான்தான் சொன்னேன். பாதி கூட ஏறலீங்க. தொடை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. மாப்பிள்ளைதான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. சனமெல்லாம் பாக்குது. வெக்கமாப் போச்சுங்க..."

நாடி பார்த்தேன். இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டேன் என்று தாளை நீட்டினார். அதில் குறையில்லை என்று எழுதியிருந்தது. நான் எழுந்து போய், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன்.

"இதுல உட்காருங்க. ரெண்டு கையையும் மார்பில் கட்டிக்குங்க. கை ஊன்றாமல் எழுந்து நேரா நில்லுங்க. மறுபடி உட்காருங்க. முப்பது செகண்டில் எத்தனை தடவை முடியுதுன்னு பார்ப்போம்."

ஏழு! எட்டாவது தடவை கை தானாக முழங்காலைத் தேடியது.

"உங்களுக்கு லேகியம் கிடையாதுங்க. இந்த நாற்காலிதான் மருந்து" என்றேன். மனிதர் முகம் வாடிப்போய்விட்டது. 'மருந்து கேட்டு வந்தவனுக்கு நாற்காலியைக் காட்டுகிறாரே, இவரெல்லாம் ஒரு வைத்தியரா?' என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்! அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், வாசகர்களே, நீங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.

உங்கள் காலுக்கு ஒரு பரீட்சை

சுவரோரம் அசையாமல் நிற்கும் நாற்காலி. உயரம் சுமார் 17 அங்குலம் இருக்கட்டும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி கூடாது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டுங்கள். வீட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, 30 செகண்டில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். வயதானவர்கள் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் இதைச் செய்யவேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் இந்தச் சோதனைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் கால் பலம் போதாது, விழக்கூடிய ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம்:

60 முதல் 64 வயது வரை: ஆண் 14, பெண் 12
65 முதல் 69 வரை: ஆண் 12, பெண் 11
70 முதல் 74 வரை: ஆண் 12, பெண் 10
75 முதல் 79 வரை: ஆண் 11, பெண் 10
80 முதல் 84 வரை: ஆண் 10, பெண் 9

அறுபதை எட்டாத நம்ம முதலாளி எடுத்த மார்க் ஏழு. எண்பது வயது ஆணுக்கே பத்து வேண்டும்!

இன்னொரு பரீட்சையும் உண்டு. சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காலைத் தூக்கி, மற்ற காலில் 10 செகண்ட் நில்லுங்கள். பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை இப்படி நிற்க வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. பத்து செகண்ட் நிற்க முடியாதவர்களிடம், அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் மரணம் கூடுதலாகவே இருந்தது. ஒற்றைக்காலில் நிற்காததால் யாரும் சாவதில்லை. உடம்புக்குள் நடக்கும் தேய்மானத்தை அந்தக் கால் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

திருடன் யார்? வயசா, நாற்காலியா?

'வயசாயிடுச்சு, தெம்பு குறையத்தானே செய்யும்?' என்று நீங்கள் கேட்கலாம். குறையும். முப்பது வயதைத் தாண்டினால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை தசையில் மூன்று முதல் எட்டு சதவீதம் வரை கழிந்துகொண்டே போகும். அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த ஏழு உடற்கட்டுகளில் மூன்றாவது ஊன். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று வரிசையாக மனப்பாடம் செய்வோம். அந்த ஊன் வற்றினால் உடம்பைத் தாங்க ஆள் இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் வயதின் மேல் போட முடியாது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே படுக்க வைத்தார்கள். எழவே கூடாது! பிறகு அவர்களுடைய மூச்சும் இருதயமும் எவ்வளவு வேலை தாங்குகின்றன என்று அளந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். அப்போது அவர்களுக்கு ஐம்பது வயது. தொப்பை விழுந்திருந்தது. ஆச்சரியம் என்ன தெரியுமா? முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தது செய்த சேதம்தான் அதிகம்! அதைவிட நல்ல செய்தி, ஐம்பது வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், இழந்த மூச்சுத் திறனை அவர்கள் மீட்டுக்கொண்டார்கள்.

மூப்பு ஒரு வழியாகத் திருடுகிறது. சோம்பல் இன்னொரு வழியாகத் திருடுகிறது. முதல் திருடனை நாம் பிடிக்க முடியாது. இரண்டாவது திருடனை நாமே வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

"நாங்கதான் நாள் பூரா உழைக்கிறோமே!"

திருப்பூரில் உடற்பயிற்சி என்று பேச்சு எடுத்தாலே சண்டைக்கு வந்துவிடுவார்கள். "காலைல எட்டரைக்குப் போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரிதான் வர்றேன். இதுக்கு மேல என்ன எக்ஸர்சைஸ்?" என்று கேட்கிறார் பவர் டேபிளில் உட்காரும் டெய்லர். நியாயமான கேள்வி.

ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு!

பவர் டேபிள் டெய்லருக்கு நாள் முழுக்க வேலை செய்வது விரல், மணிக்கட்டு, கழுத்து. தொடையும் இடுப்பும் பத்து மணி நேரம் சும்மா கிடக்கின்றன. அயர்ன் மாஸ்டர் நாள் முழுக்க நிற்கிறார். ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கிறார். காலில் நரம்பு சுருண்டுகொள்கிறதே தவிர பலம் ஏறுவதில்லை. செக்கிங் பார்க்கும் பெண்கள் குனிந்தபடியே நிற்கிறார்கள். வேலை என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து உடம்பைத் தேய்க்கிறது. பயிற்சி என்பது கொஞ்சம் பாரம் கொடுத்து, ஓய்வு கொடுத்து, பிறகு இன்னும் கொஞ்சம் பாரம் கொடுத்து உடம்பை வளர்க்கிறது.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் ஒரு விஷயம் எழுதினார். அப்போது அங்கே ஓடிய மாடி பஸ்களில் டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்ஸில்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவருக்கு வந்த அளவு மாரடைப்பு, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கும் கண்டக்டருக்கு வரவில்லை! நம் ஊர் கம்பெனிகளில் நான் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான். மாடிக்கும் கீழுக்கும் பீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஐம்பத்தைந்து வயது அக்காவின் கால் பலம், ஏ.சி. அறையில் கணக்குப் பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்கு இல்லை.

நான் செய்த தப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் அம்மா காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்நாளெல்லாம் மாடு கன்றோடு கிடந்தவர். தண்ணீர் இறைப்பார், தட்டு சுமப்பார், தரையில் உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டுவார். அப்பா காலமான பிறகு 2003-ல் திருப்பூருக்கு எங்களோடு அழைத்துவந்தோம். அப்போது அவருக்கு 66 வயது. "அம்மா, இத்தனை வருஷம் பாடுபட்டது போதும். நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, மெத்தை வைத்த ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். தரையில் உட்காராமல் பார்த்துக்கொண்டோம். தண்ணீர் கேட்டால் ஓடிப்போய்க் கொடுத்தோம். துணி மடிக்கப் போனால்கூட என் மனைவி, "வேண்டாங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்வாள். எல்லாம் அன்பால் செய்தது.

மூட்டு வலி என்றார். தைலம் கொடுத்தேன். அசதி என்றார். லேகியம் கிண்டிக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லும் நான், 'தினமும் பத்து தடவை எழுந்து உட்காருங்கம்மா' என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

2012-ல் ஒரு ராத்திரி பாத்ரூமில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்து எழப்போய், கை நழுவி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் நிற்பதற்குத் தொடையில் சதை இல்லையே! எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில், "ஊர்ல இருந்திருந்தா நடந்துட்டு இருப்பேன் சாமி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு இன்றும் அந்தச் சொல் காதில் நிற்கிறது.

அந்த நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தவனும் நான்தான். இன்று வருகிறவர்களை எல்லாம் நாற்காலியிலிருந்து எழுப்புகிறவனும் நான்தான்.

தொண்ணூறிலும் ஏறும் தசை!

அம்மா விஷயத்தில் 'இனிமேல் என்ன பலம் வரப்போகிறது' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது சுத்தத் தவறு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லம். அங்கே 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். கிழங்கட்டைகளுக்கு எதற்கு இந்த வீண் வேலை என்று பலர் சிரித்திருப்பார்கள். 1990-ல் முடிவு வெளியானது. பயிற்சியை முடித்த ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது! இரண்டு பேர் கைத்தடியை வீசிவிட்டு நடந்தார்கள். அதே ஆராய்ச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், இருந்த பலத்தில் 32 சதவீதம் காணாமல் போய்விட்டது. அதாவது, எந்த வயதிலும் சேர்க்கலாம். விட்டால் எந்த வயதிலும் போகும். பல் தேய்ப்பது மாதிரி இதுவும் நிற்காமல் நடக்க வேண்டும்.

நம் பக்கத்து ஊர்க்காரர்கள்

அமெரிக்காவை விடுங்கள். கோவையில் யோகா பாட்டி நானம்மாளைத் தெரியாதவர் யார்? பொள்ளாச்சி பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் பிறந்தவர். எட்டு வயதில் அப்பாவிடம் ஆசனம் கற்றுக்கொண்டார். சித்த வைத்தியம் பார்த்த குடும்பம் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை! கல்யாணம், குழந்தைகள், பேரன் பேத்தி என்று எது வந்தபோதும் ஆசனத்தை விடவில்லை. தொண்ணூறு தாண்டியும் சேலை கட்டிக்கொண்டே மேடையில் ஆசனம் போட்டுக் காட்டினார். 2016-ல் நாரி சக்தி விருது, 2018-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 26-ந் தேதி 99 வயதில் காலமாகும் வரை, அவர் பெயரைச் சொன்னாலே கொங்கு மண்ணில் கிழவிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வள்ளி ஒயில் கும்மியை வாழ்நாளெல்லாம் ஆடியும் கற்றுக்கொடுத்தும் வந்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87. இப்போது நம் ஊர்ப்பக்கம் சாயங்காலமானால் கோயில் மைதானத்தில் பெண்கள் வரிசை கட்டிக் கும்மி பழகுகிறார்கள். குனிவது, நிமிர்வது, திரும்புவது, தாளத்துக்குக் காலை மாற்றி வைப்பது... ஒரு மணி நேரம் கும்மி அடித்தால் மூச்சுக்கும் பயிற்சி, தொடைக்கும் பயிற்சி, தடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி. 'ஜிம்முக்குப் போக வெக்கமா இருக்குங்க' என்று சொல்லும் அம்மணிகளுக்கு நான் எழுதிக் கொடுப்பது கும்மிதான்!

'சின்ன வயசிலிருந்தே பழகியவர்கள் ஆச்சே, அவர்களும் நாங்களும் ஒண்ணா?' என்று கேட்காதீர்கள். சண்டிகரில் இருந்த மன் கவுர் அம்மாள் ஓடத் தொடங்கியபோது வயது 93! ஓடவைத்தது அவருடைய மகன். 2017-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மூத்தோர் விளையாட்டு விழாவில், 101 வயதில், நூறு மீட்டரை 74 செகண்டில் ஓடி முடித்தார். 2021-ல் 105 வயதில் காலமானார். என் அம்மாவுக்கு நான் நாற்காலி வாங்கிப் போட்டேன். அந்த மகன் தன் அம்மாவுக்கு ஓடுகிற ஷூ வாங்கிக் கொடுத்தார்.

கனடாவில் எட் விட்லாக் என்று ஒருவர். 2003-ல் 72 வயதில், 42 கிலோமீட்டர் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடினார். எழுபது தாண்டி அப்படி ஓடிய முதல் மனிதர் அவர்தான். அடுத்த ஆண்டு இன்னும் நான்கு நிமிஷத்துக்கு மேல் குறைத்துக்கொண்டார்! பயிற்சி செய்த இடம், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைத் தோட்டம்.

சரி, என்ன செய்யவேண்டும்?

ஒன்றரை ஷிப்ட் வேலைக்கு நடுவே செய்யக்கூடிய மாதிரி நான் எழுதிக் கொடுப்பது இதுதான். நாலே நாலு சமாச்சாரம்.

1. கால் பலம்: வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். எழும்போது மூச்சை விடுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். முதலில் எட்டு தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி எட்டு. முடியாதவர்கள் நாற்காலிமேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு தடவை மூன்று சுற்று சுலபமாக வந்துவிட்டால், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். பாரம் கூடவில்லை என்றால் பலமும் கூடாது. இதுதான் சூட்சுமம்!

கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டால் பத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பதினைந்து. மளிகைப் பையைப் பையன் கையில் கொடுக்காமல், இரண்டு கையிலும் சமமாகப் பிரித்து நீங்களே தூக்கி வாருங்கள்.

2. மூச்சு: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேக நடை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு இது. எந்த வேகம்? பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் வேகம்! நேரமில்லையா? காலையில் பத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து, ராத்திரி பத்து நிமிஷம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பழகிய பிறகு, வாரத்தில் ஒரு நாள் ஒரு நிமிஷம் வேகமாக, இரண்டு நிமிஷம் மெதுவாக என்று மாற்றி மாற்றி நடங்கள்.

3. தடுமாறாமல் நிற்பது: குக்கர் விசில் வரும் வரை மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நில்லுங்கள். முதல் விசிலுக்கு வலது கால், இரண்டாவது விசிலுக்கு இடது கால். பழகியபின் விரலை எடுத்துவிடுங்கள்.

4. வளைவு: தினமும் ஒரு வேளையாவது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு எழுங்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கு மட்டும் இது வேண்டாம். ஆசனம் தெரிந்தவர்கள் ஆசனம் செய்யலாம். ஆனால் ஒன்று, ஆசனம் மட்டும் செய்கிறேன், நடை மட்டும் நடக்கிறேன் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். நடையால் மூச்சு நீளும். தொடைச் சதை திரும்ப வராது. இரண்டும் வேண்டும்.

பந்தயத்தில் ஓட ஆசையா?

ஓடுங்கள், தாராளமாக! மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்தே இடம் உண்டு. ஐந்தைந்து வயதாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். 58 வயதுக்காரர் 25 வயதுப் பையனோடு மோத வேண்டியதில்லை.

ஆனால் அவசரம் ஆகாது. 52 வயது நண்பர் ஒருவர், மகன் ஏதோ கிண்டல் செய்தான் என்று ரோஷப்பட்டு, புது ஷூ வாங்கிய ஒன்பதாம் நாள் பத்து கிலோமீட்டர் ஓடினார். பதினோராம் நாள் கெண்டைக்கால் சதை கிழிந்து என்னிடம் வந்தார். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். முதல் இரண்டு மாதம் நடையும் கால் பலப் பயிற்சியும். பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. வாரத்தில் ஒருநாள்தான் கடினமான ஓட்டம். மற்ற நாள் எல்லாம் பேசிக்கொண்டே ஓடும் வேகம். இளவட்டத்துக்கு ஒருநாள் ஓய்வு போதும் என்றால், நமக்கு இரண்டு நாள். ஓய்வில்தான் சதை வளர்கிறது, ஓட்டத்தில் அல்ல!

சாப்பாடும் எண்ணெய்க் குளியலும்

சதை வளரப் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்குச் சுமார் அறுபது கிராம். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடவேண்டும். காலையில் இட்லி, சட்னி மட்டும் என்றால் எங்கே இருந்து வரும்? நம் ஊர்க் கொள்ளுப் பருப்பு, பாசிப்பயறு, சுண்டல், நிலக்கடலை, தயிர், முட்டை, மீன் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் கூட்டவேண்டும்.

வாரம் இருமுறை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். தேய்க்கும்போது தொடை, கெண்டைக்கால், இடுப்பை நன்றாகப் பிடித்துவிடுங்கள். அசதி குறையும், தூக்கம் நன்றாக வரும். ஆனால் எண்ணெயாலோ என் லேகியத்தாலோ பயிற்சி இல்லாமல் சதை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே சொன்னாலும் நம்பாதீர்கள்!

உஷார்!

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று கஷாயம் தேடி என்னிடம் வராதீர்கள். சர்க்கரை, பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்களும், பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஓட நினைப்பவர்களும் முதலில் ஆங்கில மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. பயிற்சிக்கு மறுநாள் சதை வலித்தால் நல்லது. மூட்டு வீங்கினால் நல்லதல்ல, பாரத்தைக் குறையுங்கள்.

ஏழு, பதினாறு ஆனது!

இனி நம்ம முதலாளி கதைக்கு வருவோம். முதல் மாதம் அரை மனதோடுதான் செய்தார். "எந்திரிச்சு உக்காந்துட்டு இருக்கறேன், கம்பெனிப் பசங்க சிரிக்கறாங்க" என்று போனில் புலம்பினார். இரண்டாம் மாதம் எண்ணிக்கை பத்து. நான்காம் மாதம் பதினாறு. இப்போது கம்பெனியில் மாலை டீ டைமில், டெய்லர்கள் எல்லாம் அவரவர் இடத்திலேயே எழுந்து நின்று பன்னிரண்டு தடவை உட்கார்ந்து எழுந்த பிறகுதான் டீ! மெஷின் ஸ்டூல் போதாதா, ஜிம் எதற்கு?

ஆறாம் மாதம் ஒருநாள், விபூதிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். "சிவன்மலை ஏறிட்டேனுங்க. ரெண்டு எடத்துல நின்னேன். ஆனா யாரு கையையும் புடிக்கலீங்க" என்றார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்து, "அந்த லேகியத்தை மட்டும் கடைசி வரைக்கும் தரவே இல்லீங்களே!" என்று சிரித்தார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு மெத்தை நாற்காலி இருக்கும். அதில் உங்கள் அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த தடவை அவர்கள் தண்ணீர் கேட்டால், ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுக்காதீர்கள். பக்கத்தில் நின்று, "வாங்கம்மா, ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். கையைக் கொடுக்காதீர்கள், கை எட்டும் தூரத்தில் மட்டும் நில்லுங்கள். அவர்களாகவே எழட்டும்.

நான் சொல்லத் தவறியதை நீங்களாவது சொல்லுங்கள்!